பத்து நிமிடத்துக்கு ஒரு முறை

ஜனவரி 12

அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். தாளில் நீ பாதியில் துண்டித்துவிட்டுப் போக முடியாது பார். இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் அஞ்சல் பெட்டியின் புதுக் கடவுச்சொல்லைப் போனிலும் சொல்லக் கூடாது, மின்னஞ்சலிலும் அனுப்பக் கூடாது. இருபத்தெட்டு எழுத்து. முதல் பாதி இந்த உறைக்குள் தனிச் சீட்டில் இருக்கிறது. மீதி அடுத்த கடிதத்தில் வரும். நடுவில் எவனாவது உறையைப் பிரித்தாலும் பாதிதான் கிடைக்கும். சிரிக்காதே. அக்டோபரில் "உங்கள் பார்சல் காத்திருக்கிறது" என்று வந்ததை நம்பித் தட்டிவிட்டு, இரண்டு வாரம் உன் அஞ்சல் பெட்டியை எவனோ ஆண்டது நினைவிருக்கட்டும்.

போன வாரம் உன் வீட்டுச் சின்ன அறை அலமாரியின் கீழ்த்தட்டில் நான் வைத்துவிட்டு வந்த குட்டிக் கணினிப் பெட்டிதான் இனி உன் தபால்காரர். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே எழுந்து போய், அஞ்சல் நிலையத்தில் உனக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, நகல் எடுத்து வந்து உன் திரையில் வைக்கும். அங்கே இருப்பதை அழிக்காது. அதனால் இங்கே தீப்பிடித்தாலும் உன் கடிதம் ஒன்றும் தொலையாது. கடவுச்சொல் உள்ள கோப்பை அந்தப் பெட்டியைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. வெளியிலிருந்து உள்ளே வர வழியே வைக்கவில்லை, எனக்குக்கூட. நீ வேறு எதிலும் உன் அஞ்சல் பெட்டியைத் திறக்காதே. கடை போனில் திறக்காதே, மாமா போனில் திறக்கவே திறக்காதே. சீட்டு அவசரத்துக்கு மட்டும்.

ஒரு பூட்டும் போட்டிருக்கிறேன். முதல் ஓட்டம் முடிவதற்குள் இரண்டாவது கிளம்பிப் போய் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக் கூடாது இல்லையா? கிளம்பும்போது பூட்டு மாட்டும், திரும்பி வந்ததும் கழற்றும். பூட்டு தொங்கினால் அடுத்தது பேசாமல் திரும்பிவிடும், திரும்பிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடும். நீ கவலைப்பட ஒன்றுமில்லை. பெட்டியை நிறுத்த வேண்டிய அவசியமே வராது, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் "இந்த வயசுல உனக்கு எதுக்குக் குழந்தை" என்று கேட்டேனே, அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இரண்டு நாள் உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து இதைச் செய்தேன். வாயால் சொல்ல வரவில்லை. தத்து இல்லத்திலிருந்து கடிதம் வந்தால் பத்தே நிமிடத்தில் உன் கையில் இருக்கும்.

தம்பி


ஜனவரி 27

அருமைப் பொடியனுக்கு,

இரண்டு பாதிச் சீட்டும் வந்து சேர்ந்தன. பித்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். திருடன் வந்தாலும் எந்தப் பாதி முன்னால், எது பின்னால் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வான். நானே அப்படித்தான் இருக்கிறேன்.

உன் தபால்காரர் ஒழுங்காக வேலை செய்கிறார். காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒரு தடவை பார்க்கிறேன். நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் கண்ணுக்கு வேலைதான். இதுவரை வந்தது விளம்பரம், விளம்பரம், மின்கட்டண ரசீது, மறுபடியும் விளம்பரம். பச்சை விளக்கு எரிகிறதா என்று உன் மாமாவும் குனிந்து பார்க்கிறார். லிஃப்ட் மெக்கானிக் புத்தி போகுமா? "புகார் வர்ற லிஃப்ட்டப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. ஆறு மாசமா ஒரு புகாரும் வரலன்னா அங்கதான் மொதல்ல போய்ப் பாப்பேன்" என்கிறார். இந்த மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் லிஃப்ட்தான்.

இல்லத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். சின்ன அறை ஜன்னல் தாழ்ப்பாளைத் திறந்து மூடினார். குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில் என்னென்ன இருக்கிறது என்று மண்டியிட்டுப் பார்த்தார். உன் பெட்டியைக் காட்டி "இது என்ன?" என்றார். "எங்க வீட்டுத் தபால்காரர். நீங்க எழுதறத இவர்தான் கொண்டு வருவார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க கடிதமெல்லாம் மின்னஞ்சல்லதான் வரும். போன் பண்ண மாட்டோம். கடிதம் வந்தா பத்து வேலை நாளுக்குள்ள பதில் போடணும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். மே முப்பதாம் தேதி எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. அத்தோடு கோப்பை மூடிவிடுவார்களாம். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு நாலு மாசம் தாங்காதா?

திரைச்சீலைக்குத் துணி எடுத்திருக்கிறேன். மஞ்சளில் சின்னச் சின்ன மீன். மேஜையில் நீ சொன்னதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் மறந்துவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. திட்டினாலும் திட்டு, எழுதிவிடுகிறேன். நம்பிக்கையைக் கொஞ்சம் அளவாக வை. திரைச்சீலை, மீன் எல்லாம் கடிதம் வந்த பிறகு வாங்கக் கூடாதா? ஒருவேளை வராமலே போனால் அந்த அறையை நீ எப்படிப் பார்ப்பாய்? வந்தாலும் சின்னக் குழந்தைக்குப் பின்னால் ஓட உன் முழங்காலுக்குத் தெம்பு இருக்கிறதா? மாடி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறாய். உன்மேல் அக்கறையில்லாமல் இதை எழுதவில்லை.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

மேஜையில் சொன்னது வாய் தவறி வந்தது என்று நினைத்திருந்தேன். இது நிதானமாக உட்கார்ந்து, தாள் எடுத்து, தேதி போட்டு எழுதியது.

என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்துவிட்டேன். இனி எழுதவும் எழுதாதே. பெட்டி மட்டும் இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 3

தம்பிக்கு,

எழுதாதே என்றவள் நானே எழுதுகிறேன். போனில் கேட்டால் மறுபடி சண்டைதான் வரும். ரோஷம் பார்க்க இப்போது நேரமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நாலு வாரமாக எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. இல்லத்திலிருந்து வரவில்லை என்பது இருக்கட்டும், விளம்பரம்கூட வரவில்லை. மார்ச் எட்டாம் தேதி வந்த செருப்புக்கடை விளம்பரம்தான் கடைசி. விளம்பரத்தையெல்லாம் நீதான் ஏதோ வடிகட்டி வைத்திருக்கிறாய் போல என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்த மாச மின்கட்டண ரசீதும் வரவில்லை. பச்சை விளக்கு எரிகிறது. திரையில் தினமும் "புதிய கடிதம் இல்லை" என்றே இருக்கிறது.

இப்படி இருப்பது சகஜம்தானா? சகஜம் என்று எழுது. உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உன் எண்ணுக்கு முயன்றேன், போகவில்லை. மாமாவை வேலையிடத்தில் கூப்பிட்டேன். பாவம், பாதி லிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் தட்டினார். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாசமாகத் தொங்கியிருக்கிறது.

பெட்டி கடிதம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ப்ளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். கடிதம் எடுக்கப் போன ஓட்டம் திரும்பி வரவில்லை, பூட்டைக் கழற்ற ஆளில்லை. அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்தது ஒவ்வொன்றும் பூட்டைப் பார்த்துவிட்டு, முன்னால் போனவன் இன்னும் வேலை செய்கிறான் என்று நம்பித் திரும்பியிருக்கிறது. பூட்டியவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க ஒரே ஒரு வரி போதும். நான் எழுதவில்லை. விளக்குக்கு இதெல்லாம் தெரியாது. கரண்ட் இருந்தால் அது எரியும்.

பூட்டை அழித்ததும் கடிதங்கள் இறங்கத் தொடங்கின. "அறுபத்தி மூணு வந்திருக்கு" என்றார் மாமா. "இல்லத்துலேர்ந்து ஏதாவது இருக்கா மாமா?" என்று கேட்டேன். "அவ கடையிலேர்ந்து வரட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

என்ன வந்திருக்கிறது அக்கா?

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

கேட்டாயே, சொல்கிறேன்.

மார்ச் பதினொன்று: பெண் குழந்தை, வயது மூன்று. இடது கைப் பழக்கம். நாயென்றால் பயம். தூங்கும்போது தன் செருப்பில் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், அதைப் பிடுங்க வேண்டாம், தானாகவே விட்டுவிடுவாள் என்று அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். படம் அனுப்புவது வழக்கமில்லையாம். சம்மதமென்றால் நேரில் வந்து பார்க்கலாம், பத்து வேலை நாளுக்குள் பதில் வேண்டும்.

மார்ச் பதினெட்டு: நினைவூட்டல்.

மார்ச் இருபத்தாறு: உங்களிடமிருந்து பதில் வராததால் விருப்பமில்லை என்று கருதி, பட்டியலில் அடுத்த குடும்பத்துக்கு வாய்ப்பு வழங்கப்பட்டது.

விருப்பமில்லையாம், எனக்கு!

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். என் கைக்கு எட்டியதே எனக்குத் தெரியவில்லை. கடிதம் ஒன்றும் தொலையாது என்று ஜனவரியில் எழுதினாயே, அது உண்மைதான். ஒன்றும் தொலையவில்லை. மூன்றும் அழகாக, தேதி வாரியாக இருக்கின்றன. உன் மாமா மூன்றையும் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. பக்கத்து வீட்டம்மா "சாவிய தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்களாம்.

ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பூட்டு தொங்கினால் உனக்கு ஒரு வரி எழுதிப் போடும் என்று எழுதியிருக்கிறாய். அடிக்கோடிட்டிருக்கிறேன். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. அது உனக்கு எழுதியிருக்குமே தம்பி. எழுதவில்லையா?

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

எழுதியது.

மார்ச் எட்டு, மாலை நாலு இருபதுக்கு முதல் வரி வந்தது: "முன்னது இன்னும் முடியவில்லை, திரும்புகிறேன்." நாலரைக்கு ஒன்று. நாலு நாற்பதுக்கு ஒன்று. ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்து நான்கு. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

நான் என்ன செய்தேன் என்று எழுத நாலு தாள் கிழித்துவிட்டேன். ஐந்தாவதில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அன்று ஐந்து மணிக்கே அந்த வரிகளெல்லாம் என் கண்ணில் படாமல் ஒரு மூலைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தேன். இரண்டே தட்டு. போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது, தொல்லையாக இருந்தது. வெறும் தொல்லை மட்டும் என்றால்கூட மன்னிக்கலாம். ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் உன் பெயரைப் பார்த்ததும் பிப்ரவரிக் கடிதம் நினைவுக்கு வந்தது. எழுதாதே என்றவள்தானே, பெட்டி மட்டும் இருக்கட்டும் என்றவள்தானே, பெட்டியோடேயே இருக்கட்டும், அவளே வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லிக் கொடுத்திருப்பேன். அதைத்தான் எதிர்பார்த்தேன். நீ கேட்கவேண்டும் என்று.

அப்புறம் மறந்தும் போனேன். அதுதான் இன்னும் அசிங்கம். நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரி அந்த மூலையில் கிடந்தது. நேற்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் ஒரே வரிதான் என்று தெரிந்தும் திறந்தேன். மார்ச் பதினொன்றாம் தேதியுடையவற்றை மட்டும் இரண்டு முறை திறந்தேன்.

ஒரு அஞ்சலட்டையில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் நாலைந்து நாளில் உனக்குக் கிடைத்திருக்கும். மாமாவுக்கு ஒரு போன் போதும். என்னிடம் எண் இருந்தது.

இல்லத்துக்கு நான் எழுதட்டுமா? தப்பு முழுக்க என்னுடையது, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நேரில் வந்து எங்கே வேண்டுமானாலும் நிற்கிறேன். நீ ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பித்தான் டப்பாவில், உன் இரண்டு பாதிச் சீட்டோடு கிடக்கின்றன. அனுப்பாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பதில் போடாமலே நீ அனுப்பி வைத்த கையெழுத்துத் தாளையும் எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு நாலு தடவை போனேன். இரண்டாவது தடவை உன் மாமாவும் வந்தார். அந்த அம்மாள் நல்லவர்தான். உன் பூட்டுக் கதையை முழுக்கக் கேட்டார். "உங்கள நான் நம்பறேன்மா. ஆனா குழந்தை போன இடத்துல செட்டாயிட்டா" என்றார். "செருப்ப இன்னும் பிடிச்சுக்கறாளா?" என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம். விதியாம். ஆனால் எழுந்து வழியனுப்ப வந்தபோது, கதவுக்கு அருகில், "விட்டுட்டா" என்றார். நான் தெருவில் நின்று அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மே முப்பதுக்குள் இன்னொரு குழந்தை வந்தால் பார்க்கலாம் என்றார். அந்த ஐந்து வாரமும் நான் கடைக்குப் போகவில்லை என்றே வைத்துக்கொள். உடம்பு போய்வந்தது. ஒரு வில்லையை அளவு தவறித் தேய்த்துவிட்டேன், இருபது வருஷத்தில் முதல் தடவை.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். மார்ச் எட்டு, நாலு இருபது என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று எனக்கு விடுமுறை. மீன் திரைச்சீலையைத் தைத்து முடித்திருந்தேன். மாட்டுமுன் இஸ்திரி போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சின்ன அறையில் ப்ளக் துளை ஒன்றுதான். உன் பெட்டியைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. மறுபடி சொருகினேன், பச்சை விளக்கு வந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மடிப்புக் கலையாமல் தொங்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன் தம்பி.

உன் மாமா இன்றுவரை மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "ஒரு மாசம் புகாரே வரல, எனக்குத் தோணியிருக்கணும், எனக்கே தோணல" என்று தன்னையும் திட்டிக்கொள்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். உன் முன்னால் எனக்குக் கூச்சமில்லை. நீயும் நானும்தான் இதைச் சேர்ந்து செய்திருக்கிறோம். உன்னைத் திட்ட எடுத்த வார்த்தை ஒவ்வொன்றும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.

முந்தாநாள், மே முப்பத்தொன்று, காலை ஒன்பது நாலுக்கு இல்லத்திலிருந்து ஒரு கடிதம் கிளம்பியிருக்கிறது. ஒன்பது பத்துக்கு என் திரைக்கு வந்துவிட்டது. "வயது வரம்பு முடிந்ததால் தங்கள் கோப்பு மூடப்படுகிறது." ஆறே நிமிடம். உன் தபால்காரர் இப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிப்பதில்லை.

திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன். பெட்டியைக் கழற்றக் கை வரவில்லை. சும்மா பிடுங்கினால் அது போன இடத்திலேயே நின்றுவிடுமோ, பூட்டு அப்படியே தொங்குமோ என்று பயமாக இருக்கிறது. இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் தெரியவில்லை. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது எழுந்து போகும் சத்தம் லேசாகக் கேட்கிறது. எனக்காகப் போய்த் தேடிவிட்டு வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

அதை முறையாக நிறுத்துவது எப்படி? ஜனவரிக் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன். நீ அதை மட்டும் எழுதவே இல்லை.

அக்கா